ஒரே கதைக்கு இரண்டு புத்தகம்

எட்டரை மணி ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளாது. அன்னவாசலில் எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு இஷா தொழுகை முடிந்து ஆட்கள் வீடு திரும்பியிருப்பார்கள். என் மனைவி அடுப்படியைக் கழுவிவிட்டு வந்து பாயை விரிப்பாள். மகள் தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டு, சார்ஜரில் கிடக்கும் வீட்டு போனைப் பிடுங்கிக்கொண்டு வந்து படுப்பாள். அவளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. நான் ஒரு புதுக் கதைப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இன்டர்வியூவுக்கு வந்தவன் மாதிரி கதவருகே நிற்பேன்.

இன்றைக்கு அத்தா படிக்கட்டுமா என்று கேட்பேன்.

"வேணாம். போன் அத்தா படிக்கட்டும்" என்பாள்.

போன் அத்தாவும் நான்தான். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. வேறு எவனாவது என்றால் சண்டைக்காவது போயிருப்பேன்.

ஒன்பது வருடம் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். மகள் பிறந்தபோது அங்கேதான் இருந்தேன். பல் முளைத்தது, எழுந்து நின்றது, யூனிபார்ம் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பியது எல்லாமே எனக்குப் போனில் வந்தவைதான். டூட்டி முடிந்து தொழிலாளர் கேம்புக்கு வந்து, வரிசையில் நின்று குளித்து, கட்டிலில் உட்கார அங்கே எட்டு மணி ஆகிவிடும். இங்கே பத்தரை. பிள்ளை பாதித் தூக்கம் தூங்கி முடித்திருக்கும். தூங்குகிற முகத்துக்கு நேராகப் போனைக் காட்டச் சொல்லி எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது?

அதனால் ஓர் ஏற்பாடு செய்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால் லீவில் வந்திருந்தபோது புதுக்கோட்டைக்குப் போய் ஒரு புத்தகக் கடையில் சிறுவர் கதைகளாகப் பொறுக்கினேன். ஒவ்வொன்றிலும் இரண்டு எடுத்தேன். கடைக்காரர் ரெட்டைப் பிள்ளைகளா என்று கேட்டார். பிள்ளை ஒன்றுதான், ஒரு புத்தகம் அவளுக்கு, ஒரு புத்தகம் எனக்கு என்றேன். அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுப் பை போட்டுக் கொடுத்தார்.

எங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு. ஜும்மா தொழுது, பிரியாணி சாப்பிட்டு, அறை முழுக்க மயங்கிக் கிடக்கும் நேரத்தில் நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். அந்த வாரத்துக்கான கதையை ஏழு துண்டாகப் படித்து வாய்ஸ் மெசேஜாக அனுப்பிவிடுவேன். பக்கம் முடிகிற இடத்தில் "திருப்பு" என்று சொல்வேன். இங்கே அவள் தன்னுடைய புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திருப்புவாள். போன் தலையணைக்கு நடுவில் கிடக்கும், அம்மாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் படுத்துக் கேட்பார்கள். எங்கள் குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து படித்த லட்சணம் இதுதான். ஆனாலும் அந்த மூன்று வருடத்தில் ஒரு ராத்திரிகூட நாங்கள் படிக்காமல் இருந்ததில்லை என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

பிறகு போதும் என்று முடிவு செய்து ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டேன். பெட்டி கட்டியபோது இரண்டு கிலோ கூடிப் போனது. தராசை வைத்துக்கொண்டு அறையே என்னைச் சுற்றி நின்றது. ஆளாளுக்கு ஒன்றை எடு என்றார்கள். நான் கதைப்புத்தகங்களை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு அந்த இடத்தில் பேரீச்சம்பழத்தைத் திணித்தேன். புத்தகத்தின் ஜோடிதான் வீட்டில் இருக்கிறதே என்று நினைத்தேன். அது நியாயமான நினைப்புத்தான்.

வந்த அன்று பெட்டியைப் பிரித்தபோது மகள் முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். கம்பளி, தைலம், சோப்பு, மிட்டாய் டப்பா, அவளுக்கென்று வாங்கிய பொம்மை. எல்லாவற்றையும் எடுத்த பிறகு பெட்டியின் மூலைப் பையில் கையை விட்டுத் துழாவினாள். "அத்தா, ஒங்க புக்கு எங்க?" என்று கேட்டாள். பழைய புத்தகம் எதற்கு, அங்கேயே போட்டுவிட்டேன், புதிதாக வாங்கித் தருகிறேன் என்றேன். அவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாள். பொம்மையை எடுக்கவில்லை. ரெண்டு நாளில் பழகிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் ஆகியும் பழகவில்லை.

பகலில் என்னோடு நன்றாகத்தான் இருப்பாள். பைக்கில் முன்னால் உட்கார்ந்து வருவாள், பரோட்டா வாங்கித் தரச் சொல்வாள், கணக்கு கேட்பாள். ராத்திரி படுக்கிற நேரம் வந்தால் மட்டும் நான் விருந்தாளி ஆகிவிடுவேன். புத்தகக் கண்காட்சியில் புதிதாகப் பத்துப் புத்தகம் வாங்கி வந்தேன், வழவழப்பான தாளில், வண்ணப் படம் போட்டது. மனைவி பரிந்து பேசியதால் இரண்டு மூன்று நாள் எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. அதையும் நானே கெடுத்துக்கொண்டேன். படிக்கும்போது நடுவில் நிறுத்தி இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். நேராகப் படு என்றேன். காலை ஆட்டாதே என்றேன். வாசலில் பைக் சத்தம் கேட்டால் யார் என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து, விட்ட இடம் தெரியாமல் முன்னால் இரண்டு பக்கம், பின்னால் இரண்டு பக்கம் புரட்டினேன். எனக்கு ஓர் இடத்தில் பத்து நிமிடம் உட்கார முடிவதில்லை. பன்னிரண்டு மணி நேரம் ஓடிக்கொண்டே இருந்த உடம்பு, சும்மா இரு என்றால் எப்படி இருக்கும்?

போன் அத்தாவுக்கு இந்தக் குறை எதுவும் கிடையாது. அவன் யாரையும் அர்த்தம் கேட்க மாட்டான். அவனுக்குக் கோபம் வராது. வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்வான், திரும்பக் கேட்டால் அதே கதையை அதே குரலில் சலிக்காமல் சொல்வான். அவன் பின்னால் கேம்ப் அறையின் பழைய ஏசி உறுமிக்கொண்டே இருக்கும். ஊரில் உள்ள ஏசியை எல்லாம் சரி பண்ணிய நான் என் அறை ஏசியை மட்டும் சரி பண்ணவே இல்லை. வந்த முதல் வாரமே நான் என் கையால் எங்கள் படுக்கை அறைக்கு ஒரு புது ஏசி மாட்டினேன். மாட்டியதே தெரியாமல் ஓடும் நல்ல மெஷின். இது சத்தமே போடவில்லையே, எப்படித் தூக்கம் வரும் என்று கேட்டாள் மகள்.

அவள் போனைப் போட்டதும் நான் வெளியே போய்விடுவேன். என் குரலை என்னால் கேட்க முடியாது. பைக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போவேன், வேண்டாத டீயைக் குடிப்பேன், திரும்பி வந்து மோட்டார் ஓடுகிறதா, தொட்டி நிறைந்ததா என்று பார்ப்பேன். பகலும் இப்படித்தான் போனது. ஏசி சர்வீஸ் கடை போட இடம் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு நாள் குளத்தூருக்குப் போனேன், ஒரு நாள் கொடும்பாளூர் வரை போய் ஓரமாக நின்று லாரிகளைப் பார்த்துவிட்டு வந்தேன். இடம் நன்றாக இருந்தால் அட்வான்ஸ் அதிகம் என்பேன், அட்வான்ஸ் குறைவு என்றால் இடம் சரியில்லை என்பேன். காலில் சக்கரம் கட்டியிருக்கிறதா என்று மனைவி கேட்டாள்.

பழைய சூப்பர்வைசரிடமிருந்து தகவல் வந்ததும் அப்போதுதான். திரும்பி வருவதாக இருந்தால் மாதக் கடைசிக்குள் சொல், உன் இடம் அப்படியே இருக்கிறது என்றார். முடியாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. யாருக்காக வந்தேனோ அந்தப் பிள்ளைக்கு அங்கே இருக்கிற நான்தான் வேண்டியிருக்கிறது என்றால், பேசாமல் அங்கேயே போய்விட்டால் என்ன? இந்த யோசனை ராத்திரி எட்டரைக்குப் பிடித்தால் விடிகிற வரை விடாது. ஒரு எட்டு வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து வருகிற வார்த்தையில் என் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது, அது அவளுக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்தேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. எழுதாவிட்டால் மீதி எதுவும் புரியாது. அம்மாவும் மகளும் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். வீட்டு போன் சார்ஜரில் கிடந்தது. நான் அதை எடுத்து, மூன்று வருடத்து வாய்ஸ் மெசேஜ்களையும் தேடித் தேடி அழித்தேன். ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு, எல்லாவற்றுக்கும் நீல நிறம் ஏறிய பிறகு குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்தினேன். அரை மணி நேரம் ஆனது. வந்ததிலிருந்து நான் ஓர் இடத்தில் அசையாமல் உட்கார்ந்து செய்த வேலை அது ஒன்றுதான்.

என் போனில் அவை எல்லாம் அப்படியே இருந்தன, நான் அனுப்பியவைதானே. அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. திருடனுக்கும் ஒரு தயக்கம் இருக்கும்போல.

அன்றைக்கு ராத்திரி மகள் போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். போனில் இடம் பத்தாமல் போயிருக்கும், தானாக அழிந்திருக்கும் என்றேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுதால் சமாதானம் சொல்லி, சரி வா, அத்தா படிக்கிறேன் என்று ஆரம்பிக்கலாம் என்பது என் திட்டம். அவள் அழவில்லை. போனைக் கொண்டுபோய்ச் சார்ஜரில் போட்டுவிட்டு வந்து, அம்மா பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். படிக்கட்டுமா என்றேன். தூக்கம் வருது என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள், அதற்கு மறுநாளும். மூன்று வருடமாக நிற்காத வாசிப்பு என் கையால் நின்றது.

புதன்கிழமை காலை மனைவி எனக்கு இட்லி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"போன்ல போட்டோ எல்லாம் இருக்கு. கல்யாண வீடியோ இருக்கு. ஒங்க கொரல் மட்டும் தேடிப் புடிச்சு அழிஞ்சிருக்காக்கும்" என்றாள்.

நான் இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒங்களுக்கு ஒங்க மேலயே பொறாமையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகக் கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு சித்தன்னவாசல் ரோட்டில் போய், எங்கே போகிறோம் என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

அன்று சாயங்காலத்துக்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். என் போனில் இருக்கிற கதைகளை எல்லாம் வீட்டு போனுக்குத் திரும்ப அனுப்பிவிடுவது, சூப்பர்வைசருக்கு வருகிறேன் என்று சொல்லிவிடுவது. அவளுக்கு வேண்டிய அத்தாவை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் கிளம்பிவிடுவது. பெரிய தியாகி மாதிரி எனக்கே கண் கலங்கியது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. கோபித்துக்கொண்டு போகிறவனுக்கு அது கோபம் என்பதே தெரியாது.

எட்டரைக்கு போனைக் கையில் வைத்துக்கொண்டு அறைப் பக்கம் போனேன். மனைவி அடுப்படியில் இருந்தாள். விளக்கு எரிந்தது. மகள் தனியாக மல்லாந்து படுத்துக்கொண்டு ஏதோ முனகிக்கொண்டிருந்தாள். ஓதுகிறாளோ என்று நினைத்து வெளியிலேயே நின்றேன். ஓதவில்லை. உர்ர்ர் என்று தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். அது என் கேம்ப் அறை ஏசி.

அந்த உறுமலை நிறுத்திவிட்டுக் கதையைச் சொன்னாள். தபால்காரரின் சைக்கிள் ஒன்று காணாமல் போகிறது. ஒரு சிறுமி அதைத் தேடி ஊர் ஊராகப் போகிறாள். வரிக்கு வரி ஒப்பித்தாள், என்னுடைய குரலில். நான் எங்கே மூச்சு வாங்கினேனோ அங்கே மூச்சு வாங்கினாள். எங்கே இருமினேனோ அங்கே இருமினாள். மேல் கட்டிலில் படுத்திருக்கும் தஞ்சாவூர்க்காரர் புரண்டு படுக்கிற கிறீச் சத்தம், "பாய், சத்தம் கொஞ்சம் கொறைங்க" என்று அவர் சொல்வது, நான் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்துவது, எதையும் விடவில்லை. பக்கம் முடிந்த இடத்தில் "திருப்பு" என்றாள். கை மட்டும் காற்றில் ஒரு தாளைத் திருப்பியது.

நான் இப்படியா படித்தேன்? எத்தனை பொறுமை. அந்த ஆளுக்கு வாசலில் யார் வந்தால் என்ன என்று இருக்கிறது. கதையை விட்டால் போக அவனுக்கு வேறு இடமே இல்லை என்பது குரலில் தெரிகிறது. போனில் கதை ஓடும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடும் நான், அந்தக் குரலை நின்று கேட்டது அன்றைக்குத்தான்.

சிறுமி ஒரு பழைய வீட்டின் முன்னால் வந்து நிற்கிறாள். பூட்டிய கதவுக்குப் பின்னால் சைக்கிள் மணி அடிக்கிறது. "அவள் மெதுவாகக் கையை நீட்டி..." என்று சொல்லி மகள் சட்டென்று நிறுத்தினாள். பிறகு தஞ்சாவூர்க்காரரின் குரலில், "பாய், ஒங்க டிக்கெட் வந்துருச்சு பாய்" என்றாள். என் குரலில் "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

எனக்கு அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. டிக்கெட் என்ற சொல்லைக் கேட்டதும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தவன்தான். பெட்டி, தராசு, கொடுக்கல் வாங்கல், வழியனுப்ப வந்தவர்கள். அந்தக் கதையை நான் முடிக்கவே இல்லை. முடிக்கவில்லை என்பதே எனக்குத் தெரியாது.

உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தேன். அவள் திடுக்கிடவில்லை.

அப்புறம் என்ன ஆனது என்று கேட்டேன்.

"தெரியாது. அதுக்குள்ள நீங்க ஊருக்கு வந்துட்டீங்கள்ல" என்றாள்.

நீயே படித்துப் பார்த்திருக்கலாமே, உன் புத்தகம் இருக்கிறதே என்றேன். தலையணைக்கு அடியிலிருந்து அதை எடுத்தாள். நடுவில் ஹேர்கிளிப் ஒன்றைச் சொருகி வைத்திருந்தாள். மூன்று மாதமாக அந்தப் பாயைச் சுற்றி நடந்திருக்கிறேன், தலையணைக்கு அடியில் பார்க்கவில்லை.

"இது நான் பாக்குற புக்கு. படிக்கிற புக்கு ஒங்களுதுதான? அதத்தான் அங்கயே போட்டுட்டு வந்துட்டீங்களே."

பெட்டியின் மூலைப் பையில் அவள் கையை விட்டுத் துழாவியது கண் முன்னால் வந்தது. அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கதை அப்படித்தான் நடந்திருக்கிறது. அத்தா ஒரு புத்தகத்தில் படிப்பார், அவள் இன்னொன்றில் பார்ப்பாள். படிக்கிற புத்தகம் கடல் தாண்டிக் கிடக்கிறது, அதனால் சைக்கிள் கதை முடியாது. முடியாத கதைக்கு முன்னால் நான் பத்துப் புதுப் புத்தகத்தோடு போய் நின்றிருக்கிறேன், அதுவும் ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று. அவள் என்னை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. நான் விட்டுவிட்டு வந்த இடத்திலேயே எனக்காக உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"போன்ல இருந்தத அழிச்சது நான்தாம்மா" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

கோபமா என்று கேட்டேன். கொஞ்சம் என்றாள். என் போனில் எல்லாம் இருக்கிறது, திரும்ப அனுப்பிவிடுகிறேன் என்றேன். தலையாட்டினாள். மறுநாள் காலை அனுப்பினேன், வீட்டு போன் ரொம்ப நேரம் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. சூப்பர்வைசருக்கும் அன்றைக்கே பதில் சொன்னேன். வரவில்லை என்று.

ஆனால் அந்த ராத்திரி நான் செய்தது வேறு. அந்தப் புத்தகத்தை என்னிடம் கொடு, இதிலிருந்தே படிக்கிறேன் என்று கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. யோசித்தாள்.

"அப்ப நான் எதப் பாக்குறது?"

"ரெண்டு பேரும் இதையே பாப்போம். இங்கிட்டு நகந்து படு" என்றேன்.

அவள் நகர்ந்தாள். நான் செருப்பைக் கழற்றுவது போலப் போனைத் தூரத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் படுத்தேன். அடுப்படியிலிருந்து வந்த மனைவி எதுவும் கேட்காமல் அந்தப் பக்கம் படுத்துக்கொண்டாள். ஹேர்கிளிப்பை எடுத்துவிட்டு, சிறுமி கையை நீட்டுகிற இடத்திலிருந்து தொடங்கினேன். வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. எழுந்து பார்க்கக் கால் துடித்தது. மகளின் தலை என் கைமேல் கனமாக இருந்ததால் எழ முடியவில்லை. கதவு திறந்தது, சைக்கிள் உள்ளே நின்றது, இன்னும் கதை இருந்தது. பக்கம் முடிந்தது.

"திருப்பு" என்றேன், பழக்கத்தில்.

அவள் அசையவில்லை.

"புக்கு ஒங்க கையிலதான் இருக்கு அத்தா. நீங்களே திருப்புங்க" என்றாள்.